இருபத்துநாலு மில்லி உருளை

ஜூன் 3, திங்கள்

ஞானதுரை திரும்பி வந்திருக்கிறான். வயதில் பெரிய ஆளை அப்படி எழுதக் கூடாதுதான். என் நோட்டு, என் பேனா, என் வயிற்றெரிச்சல். எழுதுவேன்.

காலையில் மேனேஜர் செபஸ்தியான் சார் டெஸ்ட் ரூமுக்கு வந்தார். "அருள்கனி, ரோந்துப் படகுக்கு அலுமினிய டீசல் டேங்க் செய்ய வெளியில குடுக்கப் போறோம். மடத்தூர்ல புதுசா ஒரு பட்டறை. ஞானதுரை அண்ணாச்சி வச்சிருக்காவ. முன்னாடி இங்கதான் இருந்தாவளாம். அவிய வெல்டர் வச்ச டெஸ்ட் பிளேட் அடுத்த வாரம் வரும். பாஸானாத்தான் ஆர்டர். நீ பாத்துக் குடுத்துரு."

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் இந்தப் படகு கட்டும் யார்டுக்கு வந்து மூன்று வருடம்தான். அவருக்கு எதுவும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தவன் ஞானதுரை. என் வீட்டுக்காரர் பொன்ராஜ் அப்போது அலுமினியத்தில் டிக் வெல்டிங் வைப்பவர். ஒரு கையில் நெருப்பு, மறு கையில் கம்பி, காலில் பெடல். மூச்சு பிசகினால் வேலை பிசகும். தகுதித் தேர்வுக்கு அவர் ஒட்டிய பிளேட்டை அறுத்து ஞானதுரை மெஷினில் வைத்து வளைத்தான். நாலு துண்டும் வெடித்தது. பத்துப் பேர் பார்க்க, "இந்தக் கைய வச்சிக்கிட்டுப் படகு செய்ய வந்துட்டான். போயி வாசக் கேட்டுக்குப் பத்த வையிடே" என்றான்.

அன்றிலிருந்து ஊருக்குள் அவர் 'கேட்டு' பொன்ராஜ். ஒரு வருடம் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்தார். பிறகு அதையும் விட்டுவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வெடித்த துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். லாடம்போல் வளைந்து, நடுவில் வாய் பிளந்து கிடக்கிற துண்டு. சமையலறை ஜன்னலில் மாட்டியிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாவி அதில்தான் தொங்குகிறது.

அடுத்த வருடம் நான் இங்கே உதவியாளாகச் சேர்ந்தேன். அதற்குள் ஞானதுரை குஜராத் பக்கம் போய்விட்டான். இன்றைக்கு இந்த அறை என் பொறுப்பு. அவன் பிளேட் என் மெஷினுக்கு வருகிறது. கடவுள் இருக்கிறார்.

ஜூன் 4, செவ்வாய்

குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் பேசாமல் தின்றார். ஞானதுரை வந்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரை யார் எடுத்தாலும் அன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சட்டம் போட்டவள் நான். என் சட்டத்தை நானே மீறுவானேன்.

ஜூன் 5, புதன்

தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரிக்காரர் வீட்டில் குடம் காலி. கேட்டால், "இன்னிக்கு அந்தப் பக்கம் போகல" என்கிறார். எந்தப் பக்கம்தான் போனார் என்று தெரியவில்லை.

சாயங்காலம் டீவி முன்னால் உட்கார்ந்து விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விரல் இடுக்கு வழியாக முன்னால் நகர்த்துகிறார். முடிந்ததும் அடுத்த குச்சி. விளக்குமாறு பாதியாகிவிட்டது.

"சின்னப் பிள்ளையா நீங்க? நாளைக்கு எத வச்சிப் பெருக்க?"

"சும்மாதான், கனி. கை ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு."

ஜூன் 6, வியாழன்

எப்படிச் செய்வது என்று யோசித்துவிட்டேன்.

வளைவு டெஸ்ட் பெரிய வித்தை இல்லை. பிளேட்டைக் குறுக்கே அறுத்தால் நடுவில் வெல்டிங் உள்ள பட்டைத் துண்டு கிடைக்கும். அதை இரண்டு தாங்கிகள் மேல் படுக்கவைத்து, நடுவில் ஓர் இரும்பு உருளையை ஜாக்கியால் இறக்கினால் துண்டு லாடமாக வளையும். வெளிப்பக்கம் இழுபடும். வெல்டிங் அடிவரை ஊடுருவியிருந்தால் தாங்கும். மேலாக மட்டும் ஒட்டியிருந்தால் வாய் பிளக்கும்.

உருளையில்தான் விஷயம் இருக்கிறது. எங்களிடம் இரண்டு உண்டு. இருபத்துநாலு மில்லிமீட்டர் குறுக்களவு உருளை எஃகுக்கு. நாற்பது மில்லி அலுமினியத்துக்கு. அலுமினியம் எஃகு அளவுக்கு இழுபடாது. சின்ன உருளையில் சிக்கினால் அருமையான வெல்டிங்கும் கிழியும். கிழிந்த துண்டைப் பார்க்கிறவன் வெல்டரைத்தான் ஏசுவான். உருளையை யார் கேட்கப் போகிறார்கள்.

ஒரே ஒரு உறுத்தல். டெஸ்ட் பிளேட்டில் வெல்டரின் பெயர் இருக்காது, எண்தான் குத்தியிருக்கும். பெயர் ஒட்டிய கவருக்குள். முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கவரைப் பிரிக்க வேண்டும். ஆளைப் பார்த்து யாரையும் கவிழ்த்துவிடக் கூடாது என்று மேனேஜரிடம் சண்டை பிடித்து இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். அது வெல்டருக்காக வந்த விதி. பட்டறைக்காரனுக்காக இல்லை. யாரோ ஒரு வெல்டருக்கு ஒரு டெஸ்ட் போகும், அவ்வளவுதானே. இன்னொரு தடவை எழுதிக்கொள்ளட்டும்.

ஜூன் 8, சனி

ஒத்திகை பார்த்தேன். போன மாதம் பாஸான அலுமினியப் பிளேட்டில் மிச்சம் இருந்த துண்டு ஒன்றைச் சின்ன உருளையில் வைத்து ஜாக்கியை அழுத்தினேன். பாதி வளைவு வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு டப் என்று ஒரு சத்தம். குறுக்கே சுத்தமாகப் பிளந்துவிட்டது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு நிமிடம். பிறகு அந்தப் பிளவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே பிளவை நான் ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். இதில்தான் சாவி மாட்டுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மத்தியானம் பெரிய அலுமினியக் குண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். கல்யாணமான புதிதில் அதன் கைப்பிடி கழன்றபோது அவர் யார்டுக்கு எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்தது. வெல்டிங் முடிகிற இடத்தில் சின்னக் குழி விழும், அதில்தான் வெடிப்பு பிறக்கும் என்பார். அதனால் நெருப்பை ஓர் எட்டுப் பின்னால் கொண்டுவந்து, இன்னொரு சொட்டு வைத்து மூடுவார். குண்டாவில் இன்னும் தெரிகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். பதினான்கு வருடம் ஆகிறது, கைப்பிடி அசையவில்லை.

இவரையா வாசல் கேட்டுக்குப் போகச் சொன்னான்.

ஜூன் 10, திங்கள்

சாவியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் துண்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

நாற்பது மில்லி உருளை அதற்குள் நுழையவே இல்லை. இருபத்துநாலு மில்லியை வைத்தேன். வார்த்து வைத்ததுபோல் உட்கார்ந்தது.

பெரிய உருளையில் கட்டியிருக்கிற தகரத் தகட்டைத் துடைத்து வாசித்தேன். வாங்கிய தேதி, அவர் தேர்வு எழுதி ஐந்து மாதத்துக்குப் பிறகு. நான் சேரும்போது இரண்டும் இருந்ததால் எப்போதுமே இரண்டும் இருந்தன என்று நினைத்துவிட்டேன். ஐந்து வருடமாக இந்த அறையில் குப்பை கொட்டுகிறேன், ஒரு நாள் அந்தத் தகட்டை வாசித்திருப்பேனா? அவர் தேர்வு எழுதிய அன்று இந்த அறையில் அலுமினியத்துக்கு உருளையே இல்லை. எஃகு உருளையில் வைத்து நசுக்கியிருக்கிறான். என் வீட்டுக்காரர் வைத்த வெல்டிங் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அவர் கையில் ஒரு குறையும் இல்லை. ஆறு வருடம் அந்த மனுஷன் தன் கையையே வெறுத்துக்கொண்டு திரிந்தார்.

உறுத்தல் கிறுத்தல் எல்லாம் போய்விட்டது. என் வீட்டில் எதை ஒடித்தானோ அதே உருளையால் அவன் வீட்டில் ஒடிப்பேன். ஆர்டர் போகட்டும். பட்டறைக்குப் பூட்டு விழட்டும். அவனும் போய்க் கேட்டுக்குப் பத்த வைக்கட்டும்.

துண்டைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும். முதலில் அவன் ஒடியட்டும், பிறகு சொல்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார். சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன், கழுத்துக்குக் கீழே முக்கோணமாகச் சிவந்திருக்கிறது.

"தண்ணி லாரி ஓட்டுத ஆளுக்குக் கழுத்து ஏன் இப்படி வெந்திருக்கு?"

"வெயிலு, கனி."

வெயிலாகத்தான் இருக்கும். அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் தலைக்குள் இப்போது வேறு எதற்கும் இடம் இல்லை. பழைய வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறார். லாரி துடைக்க என்றார்.

ஜூன் 13, வியாழன்

பிளேட் வந்துவிட்டது. எண் 7. கூடவே ஒட்டிய கவர். கவரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

முதலில் ஓரத்தில் ஒரு சீவல் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, காஸ்டிக் சோடாவில் முக்கினேன். அலுமினியம் நுரைத்துக் கறுக்கும். எடுத்துக் கழுவி நைட்ரிக் அமிலத்தில் காட்டினால் கறுப்பு போய், வெல்டிங் எதுவரை இறங்கியிருக்கிறது என்று கோடு போட்டாற்போல் தெரியும். அலுமினியத்தில் இதுதான் சூது. மேலே மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக அழகாக இருக்கும். உள்ளே பார்த்தால் ஒட்டியே இருக்காது.

இது அப்படி இல்லை. அடிவரை இறங்கி, மறுபக்கம் மெல்லிசாக ஒரு வரப்பு எழுப்பியிருக்கிறது. லென்ஸ் வைத்துத் தேடினேன், ஒரு காற்றுப் பொட்டு இல்லை. ஞானதுரைக்கு இப்படி ஒரு ஆள் எங்கே கிடைத்தான். எரிச்சலாக வந்தது.

ஜூன் 14, வெள்ளி

பிளேட்டிலிருந்து நாலு துண்டு அறுத்தேன். ஐந்தாவது துண்டுக்கு இடம் இருக்கிறது, அதை அப்படியே விட்டேன். அறுப்பதற்கு முன் வெல்டிங் முடிகிற ஓரத்தைப் பார்த்தேன். ஓர் எட்டுப் பின்னால் வந்து இன்னொரு சொட்டு வைத்து மூடியிருக்கிறான். இரண்டு வட்டம். நல்ல பழக்கம். நிறையப் பேருக்கு இருக்கும்.

(இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.)

செவ்வாய்க்கிழமை டெஸ்ட். ஞானதுரை நேரில் வருகிறானாம்.

ஜூன் 16, ஞாயிறு

அவருக்குக் கண் எரிகிறதாம், தண்ணீராகக் கொட்டுகிறது. உப்பளத்துக் காற்று என்கிறார். பன்னீர் நனைத்த பஞ்சை நானே வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே, "கனி, இந்த வாரம் உன்கிட்ட ஒரு நல்ல விசயம் சொல்லுவேன்" என்றார்.

"இப்பவே சொன்னா வாய் சுட்டுருமா?"

"புதன்கிழம சொல்லுதேன்."

நானும் புதன்கிழமைக்கு ஒரு விஷயம் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஞானதுரை பத்து மணிக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யார் என்று தெரியாது என்றுதான் நினைத்தேன். வணக்கம் சொல்லி ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். மெஷினில் சின்ன உருளையை முன்கூட்டியே மாட்டி, மேலே துணி போட்டு வைத்திருந்தேன். துணியை எடுத்தேன். முதல் துண்டை வைத்தேன். ஜாக்கியை அழுத்தினேன்.

டப்.

"வெடிச்சிட்டு, சார்" என்றேன். ஆறு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த சொல். அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "உங்க வெல்டர வாசக் கேட்டுக்குப் பத்த வைக்கச் சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து துண்டைக் கையில் எடுத்தார். பிளவைப் பார்க்கவே இல்லை. வளைவின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து மெஷினைப் பார்த்தார்.

"இது எஃகு உருளையில்லா?"

நான் துணியை மடித்தேன்.

"இருவத்துநாலு. நாப்பதுல வளைக்கணும். அது இந்தா, உன் பின்னாடி அலமாரில இருக்கு."

"மாறிப் போச்சு" என்றேன்.

"மாறல. நீ துணி போட்டு மூடி வச்சிருந்த." ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தார். "நான் மூடல, தாயி. இதுல பதினோரு பேர ஒடிச்சேன். எஃகு ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அலுமினியத்துக்கு வேற உருளைன்னு குஜராத்துல போயித்தான் கண்ணால கண்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. திரும்பி வந்து ஒவ்வொருத்தனாத் தேடுதேன். இதுவரைக்கும் நாலு பேருதான் கெடச்சான். நான் தெரியாம ஒடிச்சேன். நீ தெரிஞ்சு ஒடிச்சிருக்க."

"எங்க வீட்டுக்காரர ஒடிச்சீங்கள்லா. ஒங்களுக்கு இது பத்தாது."

"அது தெரியும். நீ பொன்ராஜ் சம்சாரம்னு தெரிஞ்சுதான் வந்தேன்." கவர் இருந்த அலமாரியைக் காட்டினார். "அதப் பிரி."

"முடிவு எழுதாமப் பிரிக்கக் கூடாது."

"விதி உனக்கு இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும். பிரி."

பிரித்தேன். ஒரே ஒரு தாள். எண் 7. கீழே பெயர். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து, பால் பாஸ்புத்தகத்தில் போடுகிற அதே கோணல் கையெழுத்து.

"மூணு மாசமா எங்கிட்டத்தான் வாரான். காலையில லாரி, மத்தியானத்துக்கு மேல பட்டறை. கம்பிய எடுக்கவே பயந்தான். கை நடுங்கிச்சு. ஒரு மாசம் வெறும் தகட்டுல கோடு போட்டான். பாஸான பெறவு உன்கிட்டச் சொல்லணும்னு வச்சிருந்தான்."

என் வீட்டுக்காரருடைய கையை இன்னொரு தடவை ஒடித்தது ஞானதுரை இல்லை.

"அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். தண்ணி லாரிக்குப் பின்னாடி நின்னு."

"எங்கிட்டக் கேக்கலியே."

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

பெரிய உருளையை மாட்டினேன். மிச்சம் மூன்று துண்டையும் வைத்தேன். மூன்றும் லாடமாக வளைந்தன, கீறல்கூட இல்லை. ஐந்தாவது துண்டை அறுத்து அதையும் வளைத்தேன். தாங்கியது.

நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்ததும் அவர் சொன்னார், "மொதத் துண்டப் பத்தி எழுதாத. எடுத்துத் தூரப் போடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் தயவில் என் வேலை நிற்பதா? அதைவிட நான் உப்பளத்தில் மண் சுமப்பேன். எழுதினேன்: முதல் துண்டு தவறான உருளையில் வேண்டுமென்றே வளைக்கப்பட்டது, செல்லாது, பொறுப்பு பரிசோதகர். எண் 7 தேர்ச்சி. கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். "வேண்டுமென்றேன்னு எதுக்கு எழுதுன?" என்று கேட்டார். நாளையிலிருந்து பதினைந்து நாள் வரவேண்டாம், பிறகு விசாரணை என்றார்.

ஞானதுரையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மேலே 'வந்தார்', 'சொன்னார்' என்றே எழுதியிருக்கிறேன். அடிக்கப் போவதில்லை.

ஜூன் 19, புதன்

வெடித்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காலையில் அவர் குளித்து, சிரித்த முகமாக வந்து, "கனி, நான் பாஸாயிட்டேன்" என்றார். "அண்ணாச்சி போன் பண்ணாவ. அவியகிட்டத்தான் வேலைக்குப் போறேன். ஏசாத. ஏசுனாலும் பரவால்ல." அவன் வேறு எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்கும் நான் கடன்பட்டுவிட்டேனா?

துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வச்சதுல்லா."

"ஆமா."

ஜன்னலில் இருந்த பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வளைவு, ஒரே பிளவு. அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லியிருப்பார், உருளைக் கதையை.

"யாரு ஒடிச்சா?"

"நான்தான்."

"அண்ணாச்சி பிளேட்டுன்னு நெனச்சா ஒடிச்ச?"

"ஆமா."

ரொம்ப நேரம் அந்தத் துண்டையே தடவிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு நாளு கையில வச்சு அறுத்திருக்க. அரம் போட்டிருக்க. காஸ்டிக்ல முக்கிப் பாத்திருக்க. என் கை உனக்குத் தெரியலியா, கனி?"

"தெரியல" என்றேன்.

நம்பிவிட்டார். "முடிச்ச ஓரத்த அறுத்துப் போட்டுருப்ப, அதான் தெரியல" என்று எனக்காக அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். சாவியைப் பழைய துண்டிலேயே மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

ஜூன் 20, வியாழன்

வேலை இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறேன். 14ஆம் தேதி அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேனா அழுத்தம் பின்பக்கம் வரை இறங்கியிருக்கிறது, நன்றாகவே வாசிக்க முடிகிறது.

'இது அவர் கை. எனக்குச் சொல்லாமல் அவனிடமே போயிருக்கிறார்.'